மதியம் எடுத்த ரத்தம்

பிரிந்தபோதே பேசி முடித்திருந்தார்கள்: மகள் ஒரு வாரம் அம்மாவிடம், ஒரு வாரம் அப்பாவிடம். மகளுக்கு ஒன்பது வயது; பார்ப்பவர்கள் ஆறு என்பார்கள். வளர்வதற்கான ஹார்மோன் ஊசி தினமும் போட வேண்டும். அம்மா வீட்டில் ராத்திரி படுக்கும்போது. அப்பா பஸ் டிரைவர், மாலை ஷிஃப்ட். வீட்டில் மகளைப் பார்த்துக்கொண்ட அவர் அக்காவுக்கு ஊசி என்றாலே கை நடுங்கும். அதனால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மகள் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அப்பாவே போட்டுவிடுவார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. எலும்பு எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்று காட்டும் ஓர் அளவு அதில் வரும். அம்மா விடிந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். அவர் மதியம், ஷிஃப்டுக்கு முன்னால் கூட்டிப்போவார். அவர் கூட்டிப்போன இரண்டு தடவையும் அளவு, அம்மா கூட்டிப்போனபோது வந்ததில் பாதிக்குக் கீழே.

"ஊசியே போடலைன்னு ஒத்துக்கங்க," என்றாள் மனைவி, ஆஸ்பத்திரி வராந்தாவில், மகள் காதுபட.

"சத்தியமா ஒரு நாள்கூட விடலை."

"அப்ப எலும்பு பொய் சொல்லுதா?"

அவசரத்தில், மருந்து முழுசாக இறங்குவதற்குள் ஊசியை உருவிவிட்டோமோ? நினைக்க நினைக்க அவருக்கே தன் மேல் நம்பிக்கை விட்டுப்போனது. "அவ வளர்ந்தா போதும். உங்கிட்டயே இருக்கட்டும்," என்றார். அன்று இரண்டு நிறுத்தங்களில் பஸ்ஸை நிறுத்தவே மறந்தார். பயணிகள் கத்திய பிறகுதான் உறைத்தது.

எட்டு மாதம் அப்படியே ஓடியது. ஒருநாள் மனைவிக்குக் காலையில் லீவு கிடைக்கவில்லை. மகளை மதியம் கூட்டிப்போனாள். அளவு படுத்துவிட்டது. பதறிப்போனாள். டாக்டர் குழந்தையை ஒரு முழு நாள் படுக்கவைத்து, நாலு மணி நேரத்துக்கொரு தரம் ரத்தம் எடுத்துப் பார்த்தார். அந்த அளவு ராத்திரி ஏறி, விடியலில் உச்சிக்குப் போய், மதியம் இறங்கியது. எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தானாம். "எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு நாங்க முதல்லயே பார்த்திருக்கணும்," என்றார்.

அன்றைக்கே மனைவி போன் செய்தாள். "உங்க மேல வீண் பழி போட்டுட்டேன்," என்னும்போது குரல் உடைந்துவிட்டது. அவருக்கு வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது.

"சரி, விடு. பாப்பாவை அனுப்பு."

மகள் வந்தாள். சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேல் ஏறியிருந்தது. மறுநாள் காலை அவர் கை கழுவி, ஃபிரிட்ஜிலிருந்து ஊசியை எடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வா கண்ணு."

"நேத்து ராத்திரியே நானே போட்டுக்கிட்டேன்ப்பா. அத்தை பக்கத்துல இருந்தாங்க. இனிமே நீங்க போட வேணாம்."

"ஏம்மா, வலிக்குதா?"

"இல்லப்பா. நீங்க போட்டா, மறுபடி சண்டை வரும்," என்றாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே.

அவர் ஊசியைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்தினார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று மகள் வாசலிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார்.