சும்மா இருந்த ஒன்றரை வருடம்

என் மனைவி நிரூபா என்னை விட்டு விட்பி நகருக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது. மல்வேர்னில் எங்கள் அப்பார்ட்மென்டில் நான் இன்னமும் இரண்டு பேருக்குத்தான் அரிசி போடுகிறேன். குறைத்துப் போடக் கை வருவதில்லை. எனக்கு அவள் திரும்பி வரவேண்டும். அதை நான் போன வாரம் வரை ஒருவரிடமும், முக்கியமாக அவளிடம், சொன்னதில்லை.

பிழை என்னுடையதுதான். பாதிப் பிழை அந்தப் புத்தகத்துடையது. சீனர்களின் தாவோ ஞானம் என்று ஆங்கிலத்தில் தலைப்புப் போட்ட, உள்ளங்கை அளவுப் புத்தகம். அதில் 'வூ வேய்' என்றொரு சொல். ஒன்றும் செய்யாதே, உன்னுடையது தானாக உன்னிடம் வரும் என்று விளக்கம். அட, நம்முடைய 'சும்மா இரு'தானே என்று அப்படியே மயங்கிப்போனேன்.

நிரூபாவுக்கு விட்பியில் வேலை கிடைத்தபோது எங்களுக்குள் பேச்சுக் குறைந்திருந்தது. "இஞ்சாருங்கோ, நான் போகவோ, நிக்கவோ?" என்று கேட்டாள்.

"உமக்குச் சரியெண்டு படுறதைச் செய்யும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். ஞானியின் சிரிப்பாம். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை, வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம், அந்தப் புத்தகம் லின்னின் கண்ணில் பட்டது. லின் என்னோடு வேலை செய்கிற சீனர். ஞாயிறுதோறும் தாவோ கோயிலுக்குப் போகிறவர். கோயிலா என்று வாயைப் பிளந்தேன். தெய்வமே இல்லாத தத்துவம் என்றல்லவா என் புத்தகம் சொன்னது.

"தெய்வங்கள் உண்டு, விளக்கு உண்டு, பூசை செய்கிறவர்களும் உண்டு" என்றார் லின் ஆங்கிலத்தில். "இதை எழுதியவருக்குச் சீனம் தெரியுமா?"

அதுவரை வாசிக்காத முன்னுரையைப் புரட்டினேன். தனக்குச் சீனத்தில் ஓரெழுத்தும் தெரியாது என்றும், வேறு ஆங்கில நூல்களைப் பார்த்து மனதில் பட்டதை எழுதியதாகவும் மனிதர் பெருமையாகவே சொல்லியிருந்தார். நாசமாய்ப் போவான்.

லின், மூலமொழி படித்து அடிக்குறிப்போடு எழுதிய இரண்டு பேரின் பெயர்களை ஒரு துண்டில் எழுதித் தந்தார். "வூ வேய் என்றால் வலிந்து செய்யாதே என்று அர்த்தம். ஒன்றும் செய்யாதே என்றல்ல."

"மனைவி போகும்போது போகாதே என்று சொல்வது வலிந்து செய்வதா?" என்று கேட்டேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "அந்தச் சொல் வாய்வரை வந்ததா?"

"வந்தது."

"அதை விழுங்கினீர்களே, அதுதான் வலிந்து செய்தது."

கார் பார்க்குக்குப் போய் நிரூபாவுக்குப் போன் அடித்தேன்.

"சொல்லுங்கோ" என்றாள்.

"நிரூபா, அண்டைக்கு நான் உம்மை மறிச்சிருக்கவேணும். நீர் இல்லாமல் என்னால ஏலாமல் கிடக்கு. வாரும்."

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன்.

"அண்டைக்கு நான் மூண்டு எலிவேற்றரை ஏறாமல் விட்டனான்" என்றாள். "நீங்கள் கதவைத் திறந்து வருவீங்களெண்டு."

அன்றைக்கு நான் கதவுக்கு உள்பக்கம், சும்மா இருக்கிறேன் என்று கண்ணை மூடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.