அறுநூறு கெஜத்துக்கு அப்பால்

பர்னபாஸுக்கு சந்தேபேட்டையில் மிளகாய் மண்டி. பேரத்தில் அவரை ஜெயித்தவர்கள் மைசூரில் இரண்டே பேர். ஒருவர் அவருடைய மனைவி ஜேன். இன்னொருவர் இன்னும் பிறக்கவில்லை.

நாடு குடியரசான மறு வருஷம், லஷ்கர் மொகல்லாவில் தமிழ்ச் சபையின் சின்ன ஆலயத்துக்கு நேர் எதிரே, நகரசபைக்குச் சொந்தமான ஓட்டுக் கட்டடத்தில் ஒரு கள்ளுக்கடை வந்து உட்கார்ந்தது. ஞாயிறு ஆராதனையில் போதகர் ஐயர் சமாதானம் சொல்லக் கை தூக்கும் நேரம் பார்த்து, எதிர்ப்பக்கத்தில் எவனாவது எவன் சட்டையையாவது பிடிப்பான். சபை ஒரு மாதம் உபவாசம் இருந்து ஜெபித்தது. மனுவும் கொடுத்தது. அது நகரசபையில் எந்த அலமாரியில் படுத்துக்கொண்டதோ, எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் சபைச் செயலாளர் இஸ்ரவேல், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், மண்டிக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, ஜெபத்தை நாங்க பண்ணிட்டோம். மிச்சத்தை நீங்க பண்ணுங்க. கவுன்சிலர் பசவராஜ் உங்க ஆளுதானே?"

பசவராஜ் வெல்ல வியாபாரி. பர்னபாஸ் கடைக்கு நாலாவது கடை. இருபது வருஷமாக இருவரும் காலையில் ஒருவரை ஒருவர் ஏமாற்றப் பார்த்து, மத்தியானம் ஒரே தட்டில் வடை தின்பவர்கள். சந்தேபேட்டை வழக்கப்படி பெரிய பேரம் எதுவும் வாயால் நடக்காது. துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசுவார்கள். முடிந்து கையை எடுத்த பிறகு மாற்றிப் பேசியவனுக்கு அந்தப் பேட்டையில் அப்புறம் எவனும் கை நீட்ட மாட்டான்.

அன்றைக்கும் துண்டு விழுந்தது. ஒரு விரலுக்கு நூறு கெஜம் என்று கணக்கு. ஆலய வாசலிலிருந்து கடை எத்தனை கெஜம் தள்ளிப் போக வேண்டும் என்பதுதான் சரக்கு. பர்னபாஸ் எடுத்த எடுப்பில் பத்து விரலையும் பிடித்தார்.

"அய்யய்யோ பர்னபாஸரே! ஆயிரம் கெஜம்னா குடிக்கப் போறவன் கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போகணும்."

"போகட்டுமே. வழியில அலுத்துப் போய்த் திரும்பிடுவான்."

பசவராஜ் இரண்டு விரல் கொடுத்தார். இவர் எட்டுக்கு இறங்கினார். அவர் நாலுக்கு ஏறினார். ஆறில் நின்றது. பர்னபாஸ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தாவீது கோலியாத்தைச் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போன மாதிரி போனார்.

சபைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வரும் ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனை, பர்னபாஸுக்கு மாலை என்று இஸ்ரவேல் அறிவித்தார். நகரசபை ஆட்கள் நூல் பிடித்து அறுநூறு கெஜம் அளந்து, புது இடத்தில் சுண்ணாம்புக் கோடும் போட்டுவிட்டார்கள். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொல்லலாம் என்று ஒரு அறிவிப்பும் ஒட்டினார்கள்.

புதன்கிழமை காலை, தெருக் கூட்டும் நஞ்சம்மா ஜேனைத் தேடி வந்தாள். ஜேன் ஆஸ்பத்திரி நர்ஸ். நஞ்சம்மாவின் மூன்று பிரசவத்தையும் பார்த்தவள்.

"அம்மாவ்ரே, கோபமா வரலே. ஒண்ணு கேக்கணும், அஷ்டே, அவ்வளவுதான். உங்க தேவரு ஒரு மாச உபவாசத்துக்கு மனசு இறங்கினாரே, கடையை எங்க குழாய்கிட்டதானா அனுப்பணும்?"

காப்பி குடித்துக்கொண்டிருந்த பர்னபாஸ் தலை தூக்கினார். "எந்தக் குழாய்?"

"தெருக் கூட்டுறவங்க லைன் வீட்டுக்கெல்லாம் இருக்கறது ஒரே குழாய் சாமி. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் தண்ணி வரும். கடையும் அப்பத்தானே களை கட்டும்? வயசுப் பொண்ணுங்க குடத்தை வெச்சுக்கிட்டு அங்க எப்படி நிக்கும்? எங்க வீட்டுக்காரரு சித்தையன் இப்ப கடை தூரம்னு சோம்பேறித்தனத்துல வாரத்துக்கு மூணு நாள் குடிக்கறதில்லே. இனிமே செருப்பு மாட்டற வேலைகூட இல்லே."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். கூட்ட வேண்டிய தெரு இன்னும் இரண்டு பாக்கி இருந்தது.

"நான் தூரத்தைத்தான் பேசினேன் ஜேன். போய்ச் சேர்ற இடத்தைப் பேசலை" என்றார் பர்னபாஸ்.

"மிளகாய் மூட்டைன்னா அடிவரைக்கும் கை விட்டுப் பாப்பீங்க. இதை மட்டும் மேலோட்டமா பாத்துக் கட்டிட்டீங்களா?"

"கை கொடுத்தாச்சும்மா. இப்ப மாத்தினா பேட்டையில என் பேரு போச்சு. இருபது வருஷத்துப் பேரு."

"நீங்க நல்ல மனசோடதான் போனீங்க. அது எனக்குத் தெரியாதா? ஆனா குடுத்துட்டு வந்தது யாரோட தெருவை?"

சாதாரணமாகச் சண்டை வந்தால் அந்த வீட்டில் காப்பிக்குச் சர்க்கரை குறையும். அன்றைக்கு ஜேன் ஒரு கரண்டி கூடவே போட்டு இரண்டாவது டம்ளரை நீட்டினாள். பர்னபாஸ் விழுந்தது அதில்தான். இரண்டு நாள் மண்டியில் உட்கார்ந்து கொள்முதல் விலையையும் விற்கும் விலையையும் மாற்றி மாற்றிச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நகரசபைக் கூட்டத்தில் எழுந்து நின்றார். கடை ஆலயத்துக்கு எதிரே இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோவில் வாசலில் கள்ளுக்கடை வேண்டும் என்று கேட்ட பக்தரை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"உங்க சபை எடுக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கே?"

"கொடுத்தோம் சார். எங்க வாசலைக் கூட்டினோம். குப்பையை எங்களுக்குக் கூட்டுறவங்க வாசல்லயே கொட்டிட்டோம். எதிர்ல இருந்தா எங்க கண்ணை உறுத்தும், தொடர்ந்து சண்டை போடுவோம். கண்ணுக்கு மறைஞ்சுட்டா ஸ்தோத்திரம் பண்ணிட்டுத் தூங்கிடுவோம்."

பசவராஜுக்கு முகம் வெல்லப் பாகு மாதிரி கொதித்தது. "பர்னபாஸரே, துண்டுக்கடியில கொடுத்த கை!"

"கை என்னோடதுதான் பசவராஜரே. தெரு நஞ்சம்மாவோடது. எனக்குச் சொந்தமில்லாத சரக்கை அவளைக் கேக்காம வித்துட்டேன். நம்ம பேட்டையில அதுக்கு என்ன பேரு, நீங்களே சொல்லுங்க."

பசவராஜ் கவுன்சிலர் ஆனது போன வருஷம்தான். வியாபாரியாகப் பிறந்து ஐம்பது வருஷம் ஆகிறது. "அது விற்பனையே இல்லை. செல்லாது" என்றார் முணுமுணுப்பாக. கோடு அழிந்தது. ஆனால் வெளியே வரும்போது, "இனிமே நம்ம பேச்சு வாயாலதான். விரல் கிடையாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மறுநாள் மத்தியானம் பர்னபாஸுக்கு வடை தனித் தட்டில் வந்தது. சட்னி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திர ஆராதனை சாதாரண ஆராதனையாகச் சுருங்கியது. வாங்கிவிட்ட மாலையை வீணாக்க மனமில்லாமல் இஸ்ரவேல் அதை ஆர்மோனியத்துக்குப் போட்டிருந்தார். ஐயர் பிரசங்கத்தில் மூன்றாம் தலைப்பைத் தொட்டபோது எதிர்க்கடையிலிருந்து ஒருவன் உச்சஸ்தாயியில் பாட ஆரம்பித்தான். ஆண்கள் பக்கம் மொத்தமும் திரும்பி பர்னபாஸைப் பார்த்தது. அவர் வேதாகமத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

ஆராதனை முடிந்தது. அந்தச் சபையில் ஆண்கள் தெற்கு வாசல் வழியாகவும், பெண்கள் வடக்கு வாசல் வழியாகவும்தான் வெளியேறுவார்கள். தெற்கு வாசலில் பர்னபாஸ் தனியாக நின்றார். அவரோடு பேச ஒருவருக்கும் நேரமில்லை. எல்லாருக்கும் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிட்டது.

அப்போது ஜேன் ஆண்கள் வரிசைக்குக் குறுக்கே நடந்து வந்து, அவர் பக்கத்தில் நின்றாள். பின்னாலேயே சகாயமேரி டீச்சர். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள். வழிவிடத் தெரியாமல் இஸ்ரவேல் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"செயலாளரண்ணே, காகிதம் எடுங்க" என்றாள் ஜேன். "புது மனு எழுதணும். நகர்த்தச் சொல்லி இல்லே, மூடச் சொல்லி. லைன் வீட்டுப் பெண்களும் கையெழுத்துப் போடறாங்க. நஞ்சம்மாகிட்ட நேத்தே பேசியாச்சு."

பர்னபாஸ் துண்டைச் சரி செய்துகொண்டார். "பசவராஜ்கிட்ட நானே போய்..."

"நீங்க வேண்டாங்க" என்றாள் ஜேன், அவர் காலரில் ஒட்டியிருந்த மிளகாய் விதையைத் தட்டிவிட்டபடி. "உங்களை அனுப்பினா அதையும் பேரம் பேசி, பாதிக் கடையை மூடிட்டு வருவீங்க."