பதினாலு சட்டை

கறுப்புப் பெட்டிகள் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். வழியில் அடையாளச் சீட்டும் கிழிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், நேராக விமான நிலையத்தில் இருக்கும் என் அறைக்கு வந்துவிடும். உள்ளே இருப்பதில் ஐந்து பொருளைச் சரியாகச் சொன்னால்தான் திறந்து பார்த்துக் கொடுப்போம். சொல்லத் தெரியாமல் விழிப்பவர்களைத் திருடர்கள் என்றே மனதுக்குள் வைத்துக்கொள்வேன். பதினோரு வருடப் பழக்கம், போக மாட்டேன் என்கிறது.

முந்தின நாள் வந்து இறங்கிய அந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரையும் அப்படித்தான் நினைத்தேன்.

"நாலு நாளைக்குத் தங்கச்சி வீட்டுக்கு வந்தேம்மா. நாலு சட்டை இருக்கும். துண்டு, சீப்பு..."

"எல்லாரு பெட்டியிலயும் அதுதான் சார் இருக்கும். சட்டை என்ன கலரு?"

குனிந்து, தான் போட்டிருந்த சட்டையைப் பார்த்தார். அது உதவவில்லை.

"முப்பத்தாறு வருஷமா பெட்டி அடுக்குறது என் வீட்டுக்காரிதாம்மா. நான் தூக்குறதோட சரி."

"அப்ப அவங்களுக்கே போனைப் போடுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "கெளம்புறதுக்கு முன்னாடியே பேச்சுவார்த்தை நின்னு போச்சும்மா."

"பேசாமலேயா பெட்டி அடுக்கிக் கொடுத்தாங்க?"

"அது வேற, இது வேற."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஆள் தெரியாத பெட்டிகளெல்லாம் அன்று மாலை தலைமைக் கிடங்குக்குப் போய்விடும். அப்புறம் திரும்பக் கிடைப்பது குதிரைக்கொம்புதான். அதைச் சொன்னதும் எண்ணை அழுத்தி, சூடு பட்டவர் மாதிரி போனை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அவருக்குத் தெரியலையாமா?" என்றது அந்தக் குரல். "சரி, எழுதிக்கம்மா."

வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல நிதானமாகச் சொன்னார். "சட்டை பதினாலு. நீலக் கட்டம் போட்டது மேல இருக்கும். ஸ்வெட்டர் ரெண்டு. பழைய மூக்குக்கண்ணாடி, டவல்ல சுத்தியிருக்கு. பிரஷர் மாத்திரை ஆறு மாசத்துக்கு, வெள்ளை டப்பாவுல. அடியில பென்ஷன் புக்கு."

வாத்தியார் காட்டிய பெட்டியைத் திறந்தேன். நீலக் கட்டம் மேலேயே இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துப் படிவத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். ஒரு சட்டையிலாவது மடிப்பு கலைந்திருக்க வேண்டுமே! பென்ஷன் புத்தகத்தை எடுத்தபோதுதான் அவரைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

"நாலு நாளைக்குத்தாம்மா வந்தேன்" என்றார், ஏதோ நான்தான் அவரை அனுப்பி வைத்ததுபோல. "கோவத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். இனிமே இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு. சும்மா வாய்க்கு வந்தது. அதைப் போய்..."

போனில் அந்த அம்மாவுக்கும் இதெல்லாம் கேட்டிருக்கும். நான் போனை மெதுவாக வாத்தியார் பக்கம் நகர்த்திவிட்டு, வேலை இருப்பதுபோல சட்டைகளைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தேன். எப்படி அடுக்கியும் மூடி பொருந்தவில்லை.

அவர் வெள்ளை டப்பாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, போனுக்கு மேல் குனிந்தார்.

"இதுல எதை எப்ப போடணும்?"

அந்த அம்மா இணைப்பைத் துண்டிக்கவில்லை. திரையில் நொடிகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்க, அவர் டப்பாவை இறுக்கிப் பிடித்தபடி குனிந்தே நின்றார்.