ஒரு வரிக்குள் பதினெட்டு அட்டைகள்

எங்கள் தகரப் பட்டறைச் சுவரில் பதினெட்டு அட்டைகள் ஆணிகளில் தொங்கும். புகைக்குழாய் திரும்பும் இடத்துக்கு வளைவு போடுவதற்கானவை. விட்டத்துக்கும் திருப்பத்துக்கும் தகுந்தாற்போல் தனித்தனி. தகட்டின்மேல் அட்டையை வைத்து, நெளிந்த விளிம்பை ஒட்டிக் கோடிழுத்து வெட்ட வேண்டும். இரண்டு துண்டையும் உருட்டிச் சேர்த்தால் வளைவு.

ரொட்டிக் கடைக்காரர் தம் அடுப்பின் புகைக்குழாய்க்குக் கேட்ட வளைவுக்கு அட்டை இல்லை. விட்டம் நாற்பது சென்டிமீட்டர், திருப்பம் எழுபது டிகிரி. துருப்பிடிக்காத தகடு ஒன்றை அவரே கொண்டுவந்தார்.

"தப்பா வெட்டிட்டா வேற தகடு வர ஒரு மாசம் ஆகும்ணே. திங்கக்கிழமை என் அடுப்பு எரியணும்."

அட்டையில்லாமல் எனக்கு வெட்டத் தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. மச்சானிடம் சொன்னேன். அவர் சாலை அளவைக்காரர். தாம் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, சமன்பாட்டைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் பழைய கால்குலேட்டரை எங்களிடம் தந்திருந்தார். அதில் போட வேண்டிய சமன்பாட்டை ஒரே வரியில் எழுதி அனுப்பினார்.

ஞாயிறு காலை அதை அப்படியே அடித்தேன். பூஜ்யத்திலிருந்து முந்நூற்று அறுபது வரை வரையச் சொன்னேன். திரை முழுக்கக் கிறுக்கல்.

"உங்க அண்ணன் குடுத்ததாச்சே, சொன்ன பேச்சைக் கேக்குமா?" என்றேன் மனைவியிடம்.

அவள் கால்குலேட்டரின் கையேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்க அண்ணன் மேல பழி போடாதீங்க. கோணத்தை டிகிரியில சொல்றோமா ரேடியன்ல சொல்றோமான்னு முதல்ல அதுகிட்ட சொல்லணுமாம். சொன்னீங்களா?"

சொல்லவில்லை. டிகிரிக்கு மாற்றினேன்.

இடது ஓரத்தில் ஒரு புள்ளி உயரத்தில் தோன்றியது. அங்கிருந்து கோடு இறங்கி, பள்ளத்தில் திரும்பி, ஏறி, புறப்பட்ட உயரத்துக்கே வந்து நின்றது. இருபது வருடமாக என் கத்தரி போகும் வழி அது. அவள் எழுந்து போய் ஓர் அட்டையைக் கழற்றி வந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"ஏங்க, இதேதாங்க!"

அடுத்து, கையேட்டை அவள் வாசிக்க வாசிக்க, ஆறு வரியில் ஒரு நிரல் எழுதினேன். விட்டம் என்ன, திருப்பம் என்ன என்று இயந்திரமே கேட்கும். சொன்னால், தகட்டின் அகலத்தை இருபத்துநாலாகப் பிரித்து ஒவ்வொரு இடத்திலும் உயரம் எவ்வளவு என்று சொல்லும். ஒவ்வோர் அட்டையின் எண்களையும் கொடுத்து, அளவுகோல் வைத்துச் சரிபார்த்தோம். பதினேழு அட்டைகள் ஒத்துப்போயின. பதினோராவது மட்டும் நாலு மில்லிமீட்டர் உதைத்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த அளவில் நான் போட்ட வளைவெல்லாம் ஒழுகும். பற்றவைப்பைத்தான் இத்தனை நாளும் குறை சொல்லிவந்தேன். என் பட்டறையைப் பார்த்தே இராத ஓர் எந்திரம், அதிலிருந்த தப்பைச் சொல்லிவிட்டது.

"இப்போ நாப்பது, எழுபது போடுங்க," என்றாள்.

முகடு நடுக்கோட்டுக்குப் பதினாலு சென்டிமீட்டர் மேலே. பள்ளம் அதே அளவு கீழே. இருபத்தைந்து புள்ளிகளைக் குறித்துக் கோட்டால் இணைத்தேன். கத்தரியை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"மூச்சை விட்டுட்டு வெட்டுங்க," என்றாள்.

ஒரே வெட்டு, இரண்டு துண்டு. உருட்டிப் பொருத்தி, வாசலுக்குத் தூக்கிப்போய் வெயிலில் பிடித்தோம். ஒரு முனையில் என் தலை, மறுமுனையில் அவள் கை. இணைப்பைச் சுற்றிலும் உள்ளே தேடினேன். நூலளவு வெளிச்சம்கூட எங்கும் இல்லை.

"என்ன தெரியுது?" என்று குழாய்க்குள் அவள் குரல் முழங்கியது.

"ஒண்ணுமே தெரியலை," என்று சந்தோஷத்தில் கத்தினேன்.