போனா என்னங்க?

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். "மழை வரும்" என்று அப்பா சொன்னால் "வராட்டி?" என்பேன். "பஸ்ஸு வந்துரும்" என்றால் "வராமப் போனா?" என்பேன். "இவ கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லத் தனியா ஓராளு வெக்கோணும்" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

அறுபத்தெட்டாம் வருசம் சாமளாபுரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் கந்தப்பன். அவருடைய அம்மா பொன்னாத்தாள் காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "எங்கூட்டுப் பொம்பளைங்க கம்பெனி வேலைக்கெல்லாம் போறதில்லைங்க."

நான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பனியன் மடித்துக் கட்டும் வேலையில் இருந்தேன். பஞ்சுத் தூசி, இரைச்சல், பொழுதுக்கும் நிற்க வேண்டும். ஆனாலும் அந்த இடம் எனக்கு உயிர். ஊருக்குள் நான் ஆத்தப்பன் மகள். அங்கே மட்டும்தான் மயிலாத்தாள். அதை விடச் சொன்னால் கோபம் வராதா?

"போனா என்னங்க?" என்றேன்.

பொன்னாத்தாள் டம்ளரைக் கீழே வைத்தார். கந்தப்பன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவர்கள் போனதும் மாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"நீ என்ன சொல்றது? சாமிகிட்டப் பூக் கேட்டுப் பாத்துக்கலாம்" என்றார்.

எங்கள் பக்கம் அப்படித்தான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இலையில் கட்டி முருகன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமி சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டாரும் கோயிலில் கூடினோம். பூசாரி எடுத்துப் பிரித்தார். வெள்ளை. பொன்னாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்தார்.

நான் சும்மா இருப்பேனா? "ஏனுங்க பூசாரி, ரெண்டுலயுமே வெள்ளைய வெச்சுக் கட்டியிருந்தா?"

பொட்டலம் கட்டியது அப்பாதான். அவர் முகம் கறுத்துவிட்டது. மற்றப் பொட்டலத்தை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். பிரித்தேன். செக்கச்செவேல் என்று அரளி.

"இப்பச் சந்தேகம் தீந்துதா கண்ணு?" என்றார் அப்பா.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவர் மட்டும் ஏமாற்றியிருந்தால் எவ்வளவு சுலபமாகப் போயிருக்கும்! பழியை அவர் தலையில் கட்டிவிட்டு வெளியே வந்திருப்பேன். இப்போது ஒரு சாக்கும் இல்லை. என் வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

"தீந்துதுங்கப்பா. நீங்க ஏமாத்தல. சாமியும் செரின்னுதான் சொல்லியிருக்காரு. நாந்தான் மாட்டேங்கறேன்."

"சாமி வாக்க மீறுனா என்னாகும்னு தெரியுமா?" பொன்னாத்தாள் கத்தினார்.

என் ஆயுசில் அன்றைக்குத்தான் இன்னொருவர் என் பாணியிலேயே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"தெரியாதுங்க. நாளைக்கு வேலைக்குப் போயிப் பாத்துட்டு வந்து சொல்றேனுங்க."