வேகமாக ஓடிய ஆபீஸ்

பனிக்காலம் முழுக்க லே ராணுவ முகாமில் இருந்த டேவிட்சன் அன்றைக்குத்தான் லீவில் வருகிறான். மதியம் விமானம் டெல்லியில் இறங்கும். விமான நிலைய வாசலிலேயே நிற்பேன் என்று மனைவி ஜெனிஃபர் சொல்லியிருந்தாள். அன்று பார்த்தா அவள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ் படுத்துக்கொள்ள வேண்டும்?

முந்தின நாள் மெயின் சர்வர் செத்துப்போனது. யார் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் அவரவர் பிரிண்டரும் பொது ஃபோல்டரும் தானாக வந்து நிற்க வேண்டும். அதற்கான விதிகளை அனுப்புவது அந்த சர்வர்தான். குரூப் பாலிசி என்பார்கள். காலையில் ஜெனிஃபர் பேக்கப்பிலிருந்து புது சர்வரை எழுப்பிவிட்டாள். அது ஜம்மென்று ஓடியது. ஒரு மேஜைக்கும் விதி மட்டும் போய்ச் சேரவில்லை.

நிர்வாக அதிகாரி கலியமூர்த்தி, கும்பகோணத்துக்காரர், அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பிரிண்டர் வராம உன்னை அனுப்ப முடியாதும்மா. நாளைக்கு போர்டு மீட்டிங்."

"தெரியும் சார். அதான் மல்லாடிக்கிட்டு இருக்கேன்."

நெட்வொர்க் சரியாக இருந்தது. விதிகள் இருந்த ஃபோல்டரிலும் ஒன்றும் குறையவில்லை. கலியமூர்த்தியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து விதிகளைக் கேட்டுப் பார்த்தாள். நீ யாரென்றே தெரியாது என்பதுபோல் சர்வர் திருப்பி அனுப்பியது.

"பதினொண்ணே கால் ஆச்சு, டீ கொண்டுவர்ற சாய்வாலா பையாவைக் காணோம்," என்று அவர் திரையின் மூலையைக் காட்டினார்.

ஜெனிஃபர் போனைப் பார்த்தாள். பதினொன்று ஐந்து.

அடுத்த மேஜைக்கு ஓடினாள். அங்கும் பத்து நிமிஷம் வேகம். எல்லா மேஜைகளும் பழைய சர்வரைப் பார்த்துத்தான் நேரம் வைத்திருந்தன. புது சர்வரிலோ சரியான நேரம். இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சர்வர் நம்பாது.

"சார், பழைய சர்வர்ல நேரத்தைக் கூட்டி வச்சது யாரு?"

கலியமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான் வைக்கச் சொன்னேன். வீட்டுக் கடிகாரத்தை வேகமா வைக்கிறதில்லையா? எல்லாரும் சீக்கிரம் வருவாங்கன்னு பாத்தேன்."

"வந்தாங்களா?"

"எங்க? சீக்கிரமா வீட்டுக்குப் போனாங்க."

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மேஜை மேஜையாகப் போய் நேரத்தைத் திருத்தினாள். கலியமூர்த்தி முன்னால் போய், "உட்டியே ஜி, ஜல்தி ஜல்தி," என்று நாற்காலிகளைக் காலிசெய்து கொடுத்தார். கடைசி வரிசைக்கு வருவதற்குள் முதல் வரிசைப் பிரிண்டர் காகிதம் தள்ள ஆரம்பித்துவிட்டது.

"இன்னும் ஏம்மா நிக்கிறே? கிளம்பு."

டேவிட்சன் வெளியே வந்தபோது அவள் கம்பித் தடுப்பைப் பிடித்தபடி நின்றாள். குளிரிலும் வெயிலிலும் அவன் மூக்குத் தோல் உரிந்திருந்தது.

"என்னங்க, பாதி மூக்கைக் காணோம்?"

"லேயிலயே விட்டுட்டு வந்துட்டேன். போயி எடுத்துட்டு வரட்டா?"

"போவீக, போவீக," என்று அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.