பின்பக்க ஸ்பீக்கர்

"பின்னாடி மாட்டுற ஸ்பீக்கருக்கா சார் இவ்வளவு பாடு?" என்று ஏணி மேல் நின்றபடியே சிரித்தான் ஸ்பீக்கர் கடைக்காரன். தெருவில் அவனுக்கு இடி என்று பெயர். அவன் சப்வூஃபர் வைத்துக் கொடுத்த வீடுகளில் ஜன்னல் கண்ணாடி அதிரும் என்பதால் வந்த பெயர். அதில் அவனுக்குப் பெருமைதான். "நல்ல சாமான முன்னாடி போடுங்க. சப்வூஃபர்ல போடுங்க. சோஃபா குலுங்கணும், பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வரணும். பின்னாடி என்ன வரப்போவுது? மழை பெய்யும், நாய் குரைக்கும், கூட்டத்துல நாலு பேரு இருமுவான்."

"இருமுறதும் தெளிவா கேக்கட்டும் தம்பி. நீ மாட்டு," என்றார் சூப்பரிண்டெண்ட்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் சூப்பரிண்டெண்ட்தான். வீட்டுக்குள்ளேயும் முழுக்கைச் சட்டைக்கு மணிக்கட்டு வரை பட்டன் போட்டுக்கொள்கிறவர், எதற்கும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்ல மாட்டார். உண்மையில் அவருக்கு வேண்டியிருந்தது அந்தப் பின்பக்க ஸ்பீக்கர் மட்டுமே. பழையது சில நாட்களாகத் தொண்டை கட்டியதுபோல் கரகரத்தது. ஆனால் பின்பக்கத்தை மட்டும் மாற்று என்றால் ஏன் என்று கேள்வி வரும். கேள்வி வரும் இடத்தில் அவர் நிற்பதில்லை. அதனால் முன்பக்கத்துக்கு ஆளுயரத்தில் ஒரு ஜோடி, நடுவில் ஒன்று, மூலைக்கு ஒன்றாக இரண்டு சப்வூஃபர் என்று கூடம் நிறையச் சாமான் வந்து இறங்கியது. ஒரு சிறிய ஆசையை மறைக்க அவ்வளவு பெரிய பெட்டிகள் தேவைப்பட்டன.

அவருக்கு ஒரே மகள். படிப்பு முடிந்த கையோடு, சினிமாவுக்குக் குரல் கொடுக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். யாரோ வாயசைக்க, கூலிக்குப் பேசுகிற பெண் இந்தக் குடும்பத்தில் இல்லை, போனால் போனதாகவே இருக்கட்டும் என்றார் அவர். அவளும் அவர் பெற்ற பெண்தானே. போனவள் திரும்பவில்லை. விசாரித்தவர்களிடம் வெளிநாட்டில் நல்ல வேலை என்று சொல்லிவைத்தார். குடும்பத்தின் பேரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சில பொய்களையும் நிமிர்ந்து நின்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு திருமண வீட்டில், பங்காளி ஒருவர் காதருகே குனிந்து, "அந்த ஆஸ்பத்திரிப் படத்துல பின்னால கூப்பிடற நர்ஸ் குரல் உங்க பொண்ணோடதாமே?" என்று கேட்டார். "எங்க வீட்டுல அப்படி யாரும் இல்ல," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவர், மறு வாரமே கூடத்தில் முதல் ஸ்பீக்கர் செட்டைக் கொண்டுவந்து வைத்தார். அந்தப் படத்தில் கதாநாயகனின் தாய் சாகக் கிடக்கும் இடத்தில், எங்கோ பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிடுவாள். "ஏழாம் நம்பர் படுக்கைக்கு யாரு கூட வந்திருக்கீங்க?" அவ்வளவுதான். வாயில் துணி வைத்துப் பேசுவதுபோல் மங்கிய குரல். அந்த மங்கலுக்குள் மகள் கடைசி எழுத்தை இழுக்கும் இழுப்பு அவருக்குக் கேட்டது. அன்றிலிருந்து, மனைவி உண்ட களைப்பில் கண்ணயரும் மத்தியான வேளைகளில், அதை மட்டும் போட்டுக் கேட்பார். நாற்காலியைப் பின்பக்கச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு.

இடி வேலையை முடித்தான். சோஃபா நடுவில் ஒரு சிறிய மைக்கை நிறுத்தி, "யாரும் மூச்சு விடாதீங்க," என்றான். ஒவ்வொரு ஸ்பீக்கராக ஊய் ஊய் என்று ஊளையிட்டு அறையை அளந்தது. பிறகு ஒரு சண்டைக் காட்சியைப் போட்டான். தரை அதிர்ந்தது, அடுப்படியில் ஏதோ தட்டு உருண்டு விழுந்தது. சூப்பரிண்டெண்டின் மனைவி காதைப் பொத்திக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள்.

"எப்படிம்மா?"

"வீட்டுக்கு அடியில யாரோ லாரி ஓட்டற மாதிரி இருக்கு. கழட்டும்போதும் நீயே வந்துடு."

இடி சிரித்துக்கொண்டே ரிமோட்டை அழுத்தினான். "ஏன் சார், கடைசியா பாத்ததுன்னு ஒரே ஒரு படம்தான் காட்டுது. அதுவும் ஒரே இடத்துல நிக்குது. மேல ஓட்டவே இல்லையா?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அதையே போடு."

"ஆஸ்பத்திரி சீன். இதுல முன்னாடி ஒண்ணும் இல்ல. இருங்க, நீங்க ஆசைப்பட்டீங்களேன்னு பின்னாடிய மட்டும் தனியா விடறேன்."

சக்கர நாற்காலி ஒன்று உருண்டு போயிற்று. யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தார்கள். பிறகு அந்தக் குரல் வந்தது, தோளுக்குப் பின்னால் ஆள் நிற்பதுபோல.

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணின் குரல். பல் போன இடத்தில் காற்றுப் போகும் குரல். கடைசி எழுத்தை அவள் இழுக்கவே இல்லை. பழைய ஸ்பீக்கர்தான் அதைத் தேய்த்து இழுப்பாக்கியிருந்தது.

"இன்னொரு தடவ," என்றார். கேட்டார். "இன்னொரு தடவ."

"கண்ணாடிய தொடச்ச மாதிரி இருக்குல்ல சார்?"

"ஆமா. நல்லா இருக்கு." வாசல் வரை கூடவே போய் அவனை வழியனுப்பினார். வந்தவனை அப்படி அனுப்புவதுதான் அந்த வீட்டு முறை. திரும்பி வந்தபோது மனைவி அதே நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"அது அவ இல்லைங்க," என்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முத நாளே."

"சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா அந்த நாற்காலில வந்து உக்காருவீங்களா? மத்தியானத்துல கொஞ்ச நேரமாவது உங்க மூஞ்சி மூஞ்சியா இருந்துச்சு. அதையும் நான் புடுங்கிக்கணுமா?"

தான் தூங்கியதாக நினைத்த வேளைகளில் அவள் தூங்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சோஃபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அப்போ வேற எந்தப் படத்துல பேசியிருக்கா?"

"எதுலயும் இல்ல. நாலு இடத்துல போய்ப் பேசிக் காட்டினா. யாரும் எடுத்துக்கல. எப்பவோ விட்டுட்டா. இப்ப ஒரு மருந்துக் கடைல நிக்கறா."

எந்தக் காரியத்துக்காக இந்த வீட்டின் கதவு சாத்தப்பட்டதோ அந்தக் காரியம் நடக்கவே இல்லை. ஒரு வரி கூட அவள் பேசவில்லை. "விட்டவ வர வேண்டியதுதானே?" என்றார். குரல் அதட்டலாகத்தான் கிளம்பியது, பாதி வழியில் உடைந்தது.

"யாரு கூப்பிட்டா?"

"உன்கிட்ட பேசறப்போ என்னைக் கேப்பாளா?"

"முன்னெல்லாம் கேப்பா."

அவர் கையை நீட்டினார். "போட்டுக் குடு."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எண்ணை அழுத்தி போனைக் கொடுத்தாள். அவர் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். மேலதிகாரி முன் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றார். மணி போய்க்கொண்டே இருந்தது.

"அம்மா, சொல்லும்மா."

தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மெல்லிய சத்தம். பின்னால் வண்டிகள், யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். ஆனாலும் முதல் எழுத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் குரலைப் போய் இத்தனை நாள் யாரோ ஒருத்திக்குத் தூக்கிக் கொடுத்திருந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார். வாயைத் திறந்தார். எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அம்மா? கேக்குதா? கடைல கூட்டமா இருக்கும்மா, சாயங்காலம் நானே கூப்பிடறேன். மாத்திர போட்டியா? மறக்காத. வெச்சுடறேன்."

"என்ன சொன்னா?" என்றாள் மனைவி.

"மாத்திர போட்டியான்னு கேக்கறா." அவளைப் பார்த்தார். "என்ன மாத்திர போடற நீ?"

சப்வூஃபர் வந்த பெரிய அட்டைப்பெட்டி கூடத்தின் நடுவில் கிடந்தது. அவள் அதன் மேல் உட்கார்ந்தாள். அவள் பாரத்துக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமுங்கியது. அவர் இன்னும் நிமிர்ந்துதான் நின்றுகொண்டிருந்தார், போனைக் காதிலிருந்து எடுக்காமல்.